ஓட்டையே இல்லாத லீக்

எங்கள் டோகமாக்கில் (பிளாஸ்மா என்னும் கொதிக்கும் வாயுவைக் காந்தத்தால் பிடித்துவைக்கும் அணுக்கரு இணைவு ஆய்வு இயந்திரம்) வெற்றிடம் உண்டாக்கும் பழைய டிஃப்யூஷன் பம்புகளைக் கழற்றிவிட்டு டர்போ பம்புகள் மாட்டிய இரண்டு மாதமும் நான் பிளாஸ்மாவைப் பார்க்கவே இல்லை. ஸ்பேனரும் கையுறையுமாகவே போயிற்று.

டிஃப்யூஷன் பம்பின் எண்ணெய் ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வெற்றிடச் சேம்பருக்குள் திரும்பி வரும். அந்தக் கார்பன் பிளாஸ்மாவில் கலந்தால் வெப்பத்தையெல்லாம் கதிர்வீச்சாக வாரி இறைத்துவிடும். பிரான்ஸில் எழும்பிவரும் இட்டர் என்ற பெரிய டோகமாக்கில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே பம்புக்குள் மைனஸ் 268 டிகிரிக்குக் குளிர்ந்த தகடுகள், அவற்றின் மேல் கொட்டாங்குச்சிக் கரி. ஹீலியம்கூட அதில் சிக்கிக்கொள்ளும். நமக்கு அந்த வசதி ஏது?

பம்புகள் ஏறிவிட்டன. இணைப்பு விளிம்புகளான ஃபிளேன்ஜுக்கெல்லாம் புது செப்பு காஸ்கெட் போட்டு, சுவரில் ஒட்டிய வாயுவை விரட்ட 150 டிகிரியில் சூடேற்றும் பேக்கிங்கும் முடித்தோம். உள்ளே அழுத்தம் 1×10⁻⁸ மில்லிபாருக்கு இறங்கும் என்று எதிர்பார்த்தோம். 5×10⁻⁸-இல் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே 1013 மில்லிபார் இருக்கும்போது இதெல்லாம் ஒரு வித்தியாசமா என்று வீட்டில் கேட்டார்கள். உள்ளே ஐந்து மடங்கு அழுக்கு என்றேன்.

சரி, லீக்தான் என்று வெளிப்பக்கம் ஹீலியம் பீய்ச்சித் தேடினோம்; ஓட்டை வழியே உள்ளே நுழைந்தால் டிடெக்டர் காட்டிக்கொடுத்துவிடும். ஹீலியம் மேலே ஏறும் என்பதால் உச்சியில் தொடங்கிக் கீழே வர வேண்டும். நான்கு நாள் தேடியும் டிடெக்டர் வாயே திறக்கவில்லை.

"வெளியே தேடினது போதும் தம்பி, ஆர்கான் நிரப்பு" என்றார் எங்கள் மூத்த டெக்னீஷியன். ராத்திரி முழுக்க ஆர்கானை நிரப்பி வைத்து, காலையில் பம்பை ஓட்டினோம். காற்றில் ஆர்கான் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. வெளிக்காற்று கசிந்தால், வாயுக்களை நிறை எண்ணால் பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் நைட்ரஜனின் 28-தான் உயர்ந்து நிற்கும். எங்களுக்கோ இரண்டு நாளாகியும் ஆர்கானின் 40 இறங்க மறுத்தது. நாங்கள் நிரப்பிய வாயு உள்ளேயே எங்கோ பதுங்கியிருந்தது.

சேம்பரைத் திறந்தோம். பிளாஸ்மாவின் விளிம்பைக் கட்டுப்படுத்தப் புதிதாக வைத்த லிமிட்டரைத் தாங்கும் 24 போல்ட்டுகள். அடி மூடிய துளைகளில் மாட்டிக்கொண்ட வாயு, மரை வழியாக மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. அங்கே, வாயு தங்காமல் வெளியேற, நடுவில் துளையிட்ட போல்ட்டுகளைத்தான் போட வேண்டும். அவை தீர்ந்துபோய், கைக்குக் கிடைத்ததை மாட்டியது நான்தான். சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, லேத் பக்கம் கையைக் காட்டினார்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மூன்று ட்ரில் பிட் உடைந்தன. கழுவிக் கொண்டுவந்த 24-ஐயும் ஒவ்வொன்றாக ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.