ஊதா மூடி

ஜூன் 9
அம்மா தூங்கினதுக்கு அப்புறம் 'மேகிங் எ மர்டரர்'னு அமெரிக்கால நடந்த கேஸ் பத்தின டொக்கியுமென்டரி சீரிஸ் போட்டேன், மூணு எபிசோட் ஓடிருச்சி. செய்யாத குத்தத்துக்கு 18 வருஷம் உள்ள இருந்துட்டு 2003ல டிஎன்ஏ டெஸ்டால வெளிய வந்த ஸ்டீவன் ஏவரி, 36 மில்லியன் டொலர் நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டிருக்கிற நேரத்துல, 2005ல தெரேசா ஹால்பாக்ங்கிற பொண்ண கொன்னதா திரும்ப உள்ள போறான். எங்க தூங்குறது.

ஜூன் 10
மழ. அம்மாவோட ரத்த ரிப்போட் வரல.

ஜூன் 11
அந்தப் பொடியன் மண்டையிலயே நிக்கிறான். ஏவரியோட சகோதரி மகன் பிரெண்டன், 16 வயசு, பக்கத்துல வக்கீலும் இல்ல அம்மாவும் இல்ல, ரெண்டு பொலிஸ்காரங்க "அவ தலைக்கு என்ன ஆச்சி சொல்லு"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, இவன் முடிய வெட்டுனோம்கிறான், குத்துனாங்கிறான், ஒண்ணொண்ணா ஊகிச்சி பாக்குறான், கடைசில அவங்களே பொறுமை இல்லாம "தலையில சுட்டது யாரு"ன்னு கேட்டுட்டாங்க. எல்லாம் முடிஞ்சி அவன் கேக்குறான், 1.29க்குள்ள ஸ்கூலுக்கு போயிருவேனா, ப்ராஜெக்ட் குடுக்கணும்னு. இந்த டேப்புக்காகவே படத்த பாக்கலாம். எந்த நடிகன வச்சும் இத எடுக்க முடியாது.

நம்ம இலங்கை சட்டத்துல பொலிஸ்கிட்ட குடுத்த வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது, ஆனா பயங்கரவாத தடைச்சட்டம்னா ஏஎஸ்பி தரத்துல இருக்கிற பொலிஸ் அதிகாரிகிட்ட குடுத்தாலே போதும். மாமாகிட்ட இதப்பத்தி பேச்சு எடுத்தேன், எழும்பி வெளிய போயிட்டாரு.

ஜூன் 12
அம்மா ரொட்டி பாதி சாப்பிட்டாங்க.

ஜூன் 13
இன்னிக்கு திரும்ப ரத்தம் எடுத்தாங்க. ஊதா மூடி டியூப். படத்துல வர்ற அதே டியூப்! அதுல ஏவரியோட பழைய ரத்தம் இருக்கும், பெட்டி சீல் அறுந்திருக்கும், மூடி நடுவுல ஊசி ஓட்டை, பொலிஸே இதுல இருந்து ரத்தத்த எடுத்து செத்த பொண்ணோட கார்ல பூசிருக்கலாம்னு ஏவரியோட வக்கீலுக்கு சந்தோஷம் தாங்கல, நானும் எழும்பி உக்காந்துட்டேன். இன்னிக்கு கண்ணு முன்னால பாக்குறேன், நேர்ஸ் ஊசிய அந்த ரப்பர் மூடியில குத்தித்தான் ரத்தத்த உள்ள விடுறா. ஓட்டை இல்லாம எப்படி ரத்தம் உள்ள போகும்? சீல் வேற கேள்வி, அத விடுங்க. ஓட்டைய மட்டும் பெரிய குண்டு மாதிரி தூக்கி காட்டுனீங்களே.

அம்மா "என்னடா அப்படி மொறச்சி பாக்குற, பயமா"ன்னாங்க. இல்லம்மான்னேன்.

ஜூன் 14
கோவம் இன்னும் போகல. அந்த காரோட பொனட் லாக்ல ஏவரியோட டிஎன்ஏ இருந்திச்சி, ரத்தத்துல வந்தது இல்ல. கோர்ட்ல சொன்ன விஷயம், 10 எபிசோட்ல அதுக்கு எடம் இல்லயாம். கொழுந்து நிறுக்கிறப்ப ஈரம்னு சொல்லி ரெண்டு கிலோவ கழிச்சி எழுதுற வேல இது. பின்னணில கதை சொல்ற குரல் கெடையாது, அதனால யாரும் எதையும் பொறுக்கி எடுக்கல, இருக்கிறது அப்படியே நம்ம முன்னால கெடக்குன்னு ஒரு நெனப்பு வந்துருது. படத்தோட பலமும் அதுதான், கள்ளத்தனமும் அதுதான்.

ஆனாலும் 10 வருஷமா விடாம எடுத்திருக்காங்க, இந்தப் படத்த எடுத்த ரெண்டு பேரும். ஏவரியோட அப்பா அம்மா ஜெயில் போனுக்கு காத்துகிட்டு இருக்கிற எடத்த ரெண்டு தடவ பாத்தேன்.

ஜூன் 15
போன் பண்ணேன். "இன்னும் வரல தம்பி."

ஜூன் 16
அக்கா கேக்குறா, "அப்ப அவன் செஞ்சானா இல்லையாடா?" தெரியலன்னேன். 10 மணித்தியாலம் பாத்துட்டு தெரியலயான்னு சிரிக்கிறா. பொடியன் விஷயத்துல மட்டும் எனக்கு சந்தேகம் இல்ல, 2016ல ஒரு நீதிபதி அந்த வாக்குமூலம் செல்லாதுன்னாரு, 2017 டிசம்பர்ல மேல் கோர்ட்ல நீதிபதிங்க 4க்கு 3ன்னு திருப்பி போட்டாங்க. ஒரே ஒரு ஆள்! 2048 வரைக்கும் பரோல் கெடையாது.

செத்த பொண்ண பத்தி அக்கா கேக்கவே இல்ல. நானும் சொல்லல. கார் போட்டோ எடுக்க வந்த 25 வயசு பிள்ள, பழைய வீடியோவுல கொஞ்ச நேரம் பேசுது, மிச்ச நேரமெல்லாம் அவ கார், அவ எலும்பு, அவ சாவி. வீட்டுக்காரங்க படத்துல பேச மாட்டோம்னுட்டாங்க, சரிதான், ஆனா அதுக்காக இவ்வளவு தூரமா மறந்துர்றதா.

ஜூன் 17
நாளைக்கு வரச்சொல்லி இருக்காங்க. கூட ஒரு ஆள கூட்டிட்டு வரணுமாம். ஏன்னு கேட்டா டொக்டர் சொல்லுவாருன்றாங்க. அக்கா அஞ்சர பஸ்ஸுக்கு வர்றா. ரெண்டாவது சீசன டவுன்லோட் போட்டிருக்கேன், எப்படியும் மத்தியானம் வரைக்கும் உக்கார வப்பாங்க, ஹெட்போன்தான் ஒரு பக்கம் கேக்கல