பொண்ணுக்கு முதல் கார் வாங்கறீங்களா?

கலர், டச் ஸ்கிரீன் எல்லாம் அப்புறம். வேகன்ஆர் 1.2, ஸ்விஃப்ட் மாதிரி பெட்ரோல் வண்டியில டைமிங் செயின்தான் (இன்ஜினுக்குள்ள வால்வை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கற சங்கிலி). பெல்ட் மாத்தற செலவு கிடையாது, ஸ்பேரும் எந்த ஊர்லயும் கிடைக்கும். சேலத்துக்குள்ள அஸ்தம்பட்டிக்கும் ஜங்ஷனுக்கும் ஓட்ட டீசல் வேண்டவே வேண்டாங்க. குறைஞ்ச தூரமே ஓடினா பிஎஸ்6 (புது புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல்ல புகை ஃபில்டர் அடைச்சுக்கும்.

பழைய வண்டின்னா காலையில, இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி போங்க. நீங்க வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா ஏதோ மறைக்கறாங்களோன்னு சந்தேகப்படலாம்.

ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, மூணாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் அங்கயே ஆஃப் ஆகி நிக்கணும். நிக்காம ஓடினா கிளட்ச் பிளேட் தேஞ்சாச்சு. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் (டயர் மேல இருக்கற வரி) நல்லாருந்தாலும் ரப்பர் கிழடு, விலையில கழிச்சுப் பேசுங்க.

அப்புறம் அடிவாரம் தாண்டி ஏற்காடு ரோட்டுல ஏத்துங்க. 20 கொண்டை ஊசி வளைவும் வேண்டாம், ஆறு போதும். ஏசி போட்டு ரெண்டாவது கியர்ல திணறாம ஏறுதா? இறங்கறப்ப அதே ரெண்டாவது கியர். பிரேக் மிதிச்சா ஸ்டீயரிங் உதறினா டிஸ்க் கோணியிருக்கலாம்.

ஆர்சியில லோன் பதிவு இருந்தா பேங்க் என்ஓசியும் (கடன் பாக்கி இல்லைங்கற கடிதம்) ஃபார்ம் 35ம் (அந்த லோன் பதிவை நீக்கற படிவம்) கைக்கு வராம முழுப் பணம் தராதீங்க.

முக்கியமா பொண்ணையே ஓட்ட விடுங்க. கிளட்சை முழுசா அமுக்கறப்பவும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கணும். எக்கி எக்கி மிதிச்சா சீட்டை முன்னாடி தள்ளிப் பாருங்க. அப்பவும் எட்டலைன்னா வேற வண்டி.