கழுத்துல கத்தாதே

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டைமாடி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது நிமிடம் கத்தினேன். ஹெட்ஃபோனில் டெத் மெட்டல், அதாவது உறுமலாகப் பாடுகிற கனத்த ராக் இசை, ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாடகரிடமிருந்து வருகிற சத்தம் என் தொண்டையிலிருந்தும் வர வேண்டும், அன்றைக்கு எனக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான். திங்கட்கிழமை ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் திரையில் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய குரல் நாண்கள் ஓரம் முழுக்கச் சிவந்திருந்தன. கட்டி எதுவும் இல்லை, நல்ல காலம். இரண்டு வாரம் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் நாண்களுக்குச் சிரமம்தான் என்றார்.

அதே திரையில், குரல் நாண்களுக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் தடிப்பாக ஒரு மடிப்பு தெரிந்தது. அது என்னவென்று கேட்டேன். பொய் நாண், சாதாரணமாகப் பேசும்போது அதற்கு வேலை இல்லை என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, க்ரவுல் என்று நான் கேட்டு மயங்கிக் கிடந்த அந்த அடிக்குரல் பெரும்பாலும் அந்த மடிப்புகள் நெருங்கி அதிர்வதில்தான் பிறக்கிறது. கீழே இருக்கும் நிஜ நாண்களைப் போட்டு நசுக்கியதால்தான் எனக்கு அந்தக் கதி. அதாவது நான் கத்தியது போதவில்லை என்பது பிரச்சினை இல்லை, தப்பான இடத்தில் கத்தினேன்.

இடம் தெரிந்துவிட்டது. ஆனால் அங்கே எப்படிப் போவது என்று வீடியோ பார்த்து எனக்கு வரவில்லை. வந்தது சித்திரை மாதத்தில், செய்யாறு பக்கம் அம்மாவின் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போனபோது. அங்கே பத்து ராத்திரி பாரதக் கூத்து. எங்கள் தெருக்காரர் ஒருவர், மாமா என்றுதான் கூப்பிடுவோம், பல வருடமாகத் துச்சாதனன் கட்டுகிறவர். ராத்திரி பத்து மணிக்குமேல் வேஷம் கட்டி விடிகிற வரைக்கும் ஆடுவார், பாடுவார், திரைக்குப் பின்னாலிருந்து உறுமுவார். மறுநாள் மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு கீறல் இல்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது. என் கதையைச் சொன்னேன்.

"கழுத்துல கத்துறவன் மூணாம் ராத்திரி ஊமையா வீட்டுக்குப் போவான் தம்பி" என்றார். அப்புறம் ஓரமாகக் கிடந்த மல்லாட்டை மூட்டையைக் காட்டி, தூக்கு என்றார். தூக்கினேன். தூக்கும்போது உள்ளேயிருந்து ஒரு முக்கல் வந்தது. "வந்துச்சு பாரு, அதான். அது வவுத்துலருந்து வருது. அதைப் புடிச்சி நீட்டு" என்றார். அதற்குமேல் பாடம் எதுவும் இல்லை, காபி வந்துவிட்டது.

வேலூர் திரும்பி அந்த முக்கலைத்தான் இரண்டு மாதம் நீட்டினேன். முதலில் ஒரு நொடி, அப்புறம் இரண்டு. மூச்சை வாயால் பெரிதாக இழுக்காமல், இடுப்புப் பக்கம் விரிகிற மாதிரி எடுத்து, அடிவயிற்றால் மெல்லத் தள்ளி விட வேண்டும். தொண்டையில் அரிப்போ எரிச்சலோ வந்த நொடியே நிறுத்திவிட வேண்டும், இதில் வீரம் காட்டக் கூடாது. ஒரு நாளைக்கு 15 நிமிடம், அதற்குமேல் இல்லை. தண்ணீர் விஷயத்திலும் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன், பயிற்சிக்கு நடுவில் மடக்மடக்கென்று குடிப்பேன். குடிக்கிற தண்ணீர் நாண்களைத் தொடுவதே இல்லை, அது உணவுக்குழாயில் இறங்குகிறது. உடம்பில் ஈரம் ஏறினால்தான் நாணில் ஏறும். அதனால் காலையிலிருந்தே குடிக்க வேண்டும், அதுவும் நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் இரண்டு மடங்கு.

இன்னொன்று. சரியாக வருகிற க்ரவுல் அவ்வளவு சத்தமாக இருக்காது. இதை நம்ப எனக்கு நாளாயிற்று. மேடையில் கேட்கிற பிரம்மாண்டத்தில் பாதிக்குமேல் மைக்கின் வேலை. இப்போது என் கணக்கு எளிது: கீழே டிவி பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு என் குரல் கேட்டால் நான் அளவுக்குமேல் தள்ளுகிறேன் என்று அர்த்தம்.

குரல் கொஞ்சம் கைக்கு வந்த பிறகு வரிகள் எழுத உட்கார்ந்தேன், தமிழில்தான். அங்கே ஒன்று கவனித்தேன், இது எந்த வீடியோவிலும் கிடைக்காது. மெல்லினம் நிறைந்த வரியில் க்ரவுல் நிற்பதில்லை. ம், ன், ங் வந்தால் காற்று மூக்குக்குப் போய்விடுகிறது, கரகரப்பு அறுந்துவிடுகிறது. ழ சொன்னால் யாருக்கும் கேட்பதில்லை. ஆனால் க்க, ட்ட, ற்ற, ப்ப இருக்கட்டும், ஒவ்வொரு எழுத்தும் டிரம்மோடு சேர்ந்து அடிக்கிறது. "நெஞ்சம் எங்கும் நீளும் மௌனம்" என்று முதலில் எழுதியிருந்தேன், மூன்று நாள் போராடிவிட்டு, "கட்டை எரிய, காடு வெடிக்க" என்று மாற்றினேன், முதல் தடவையிலேயே வந்தது. வல்லெழுத்து மிகுந்து வந்தால் வல்லிசை வண்ணம் என்று தொல்காப்பியத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வல்லினம் மெல்லினம் இந்த மொட்டைமாடி அறையில் இப்படிப் பயன்படும் என்று நினைத்ததே இல்லை. உயிரெழுத்தும் முக்கியம். அதே காற்று, அதே அழுத்தம், வாயை ஓ என்று குவித்தால் குரல் கீழே இறங்குகிறது, ஈ என்று இழுத்தால் மேலே ஏறுகிறது.

இந்தக் குரலோடு சேர்த்து வாசிக்கிற கிட்டாருக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக், அதை லேப்டாப்போடு இணைக்க ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், அந்தப் பழைய லேப்டாப்பில் ஆம்ப்ளிஃபயர் மாதிரி ஒலிக்க வைக்கிற இலவச ஆம்ப் சாஃப்ட்வேர். தாராளமாகப் போதும். சுருதியை டிராப் சி-யில் வைத்திருக்கிறேன், அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒரு முழு சுரம் இறக்கி, தடித்த கம்பியை மட்டும் இன்னொரு சுரம் இறக்குவது. சாதாரண செட்டில் இப்படி இறக்கினால் கம்பி தொளதொளவென்று ஆடும், இன்னும் தடித்த 11-க்கு 54 செட் போட்ட பிறகுதான் இறுக்கம் வந்தது. இந்த இறக்கி வைக்கும் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. ஹெவி மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்கு 1965-ல், 17 வயதில், பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் வலதுகையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடதுகைப் பழக்கக்காரர், அதனால் கம்பியை அழுத்துகிற கை அது. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய கம்பி போட்டார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார், அழுத்த எளிதாக இருக்கும் என்று. விரல் வலித்து கிட்டாரை ஓரமாக வைக்கிற நாட்களில் அவரை நினைத்துக்கொள்வேன்.

மெட்டலில் சேர்த்து அடிக்கிற பவர் கார்டு என்றால் நம் கணக்கில் ச, ப, மேல் ச. தம்புராவில் நிற்கிற அதே சுரங்கள். டிஸ்டார்ஷன், அதாவது ஒலியைக் கரகரப்பாக்குகிற எஃபெக்ட், போட்டு நடுவில் காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள், சேறு மாதிரி கலங்கும். ச-ப மட்டும் எவ்வளவு டிஸ்டார்ஷனையும் தாங்கும்.

வலதுகைதான் பெரும்பாடு. கேலப் என்கிற அந்தக் குதிரை ஓட்டத்தை "தா கிட, தா கிட" என்று வாயால் சொல்லிக்கொண்டே பழகினேன். உள்ளங்கை ஓரத்தை, கம்பிகள் உட்கார்ந்திருக்கிற பிரிட்ஜ் மேல் வைத்து அமுக்குவதில் நூலளவு முன்னே போனால் சத்தமே செத்துவிடும், பின்னே போனால் ஓவென்று திறந்துகொள்ளும். மே மாதத்தில் வியர்வை வேறு, வாசித்து முடித்ததும் துணியால் துடைக்காவிட்டால் ஒரு வாரத்தில் கம்பி கறுத்துவிடுகிறது. இப்போதெல்லாம் விடியற்காலை ஐந்து மணிக்கே உட்கார்ந்துவிடுகிறேன், கரண்டும் இருக்கும், சூடும் இருக்காது.

இரண்டையும் சேர்த்துச் செய்வது தனி வித்தை. கை ஒரு கணக்கில் ஓட, மூச்சு வேறு கணக்கில் ஓடுகிறது. க்ரவுல் வந்ததும் தோள் இறுகும், தோள் இறுகினால் மணிக்கட்டு இறுகும், கம்பியை மீட்டுகிற பிக் தடுக்கும். அதனால் தாளம் தட்டுகிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, க்ரவுல் இல்லாமல் வரியை வெறுமனே பேசிக்கொண்டே வாசித்தேன். ஒரு வாரம் தடுக்காமல் போனால் 4 கூட்டுவேன். எந்த அடியில் மூச்சு எடுக்க வேண்டும் என்று நோட்டில் வரிக்கு மேலே பென்சிலால் சின்னக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

என் பாட்டின் வேகம் 120. போன வாரம் 96-ல் முதல் பாதி முழுதாக வந்தது, ரெக்கார்ட் செய்தேன், காற்றாடிச் சத்தம் விழக் கூடாது என்று அதையும் அணைத்துவிட்டு. "காடு வெடிக்க" வருகிற இடத்தில் மட்டும் இன்னும் பாதி மூச்சு குறைகிறது. அந்தப் பென்சில் கோட்டை ஒரு தாள அடி முன்னால் தள்ளிப் போட்டிருக்கிறேன். இந்தச் சித்திரையில் ஊருக்குப் போகும்போது மாமாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்க வைக்க வேண்டும்.