தச்சுப் பட்டறைக் கூரையில் ஏர் கிளீனர்: எங்கே தொங்கவிடுவது, எதில் தொங்கவிடுவது

மரப் பட்டறையில் கண்ணுக்குத் தெரிகிற தூளைச் சமாளிப்பது எளிது. ரம்பத்துக்குக் கீழே குவியும், பெருக்கி அள்ளிச் சாக்கில் கட்டிவிடலாம். நுரையீரல் வரை போவது கண்ணுக்குத் தெரியாத தூள். அசையாத காற்றில் 8 அடி உயரத்திலிருந்து 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் தரைக்கு வரக் கால் மணி நேரம் பிடிக்கும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய 20 மணி நேரம். சாயங்காலம் சேண்டிங் (உப்புத்தாள் தேய்ப்பு) முடித்துப் பூட்டிய பட்டறையில், மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதும் அது மிதந்துகொண்டுதான் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுக்கும் இடத்தில் மரத்தூளோடு பசைத்தூளும் சேர்ந்து வரும்.

கூரையில் தொங்கும் ஏர் கிளீனர், ஒரு பக்கம் காற்றை இழுத்து ஃபில்டர் வழியாக மறுபக்கம் ஊதும் பெட்டி; அது இந்த மிதக்கும் தூளுக்கு மட்டும்தான். டேபிள் சாவுக்கும் (மேசை ரம்பம்) சேண்டருக்கும் வேக்குவம் இணைக்காமல் இதை மட்டும் மாட்டிவிட்டு, "தூசி குறையவே இல்லையே" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் வேக்குவம் வாங்குங்கள். எது இருந்தாலும் மாஸ்க்கும் வேண்டும். அதை எதுவும் ஈடு செய்யாது.

எந்த அளவு மெஷின் என்பதற்குக் கணக்கு சுலபம். அறையின் நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி, வருவதை 8-ஆல் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் தேவையான சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற அளவு) கிடைக்கும். 24 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி என்றால் 3,360 கன அடி; கணக்குப்படி 448 சிஎஃப்எம். அந்த 8 என்பது அறைக் காற்று முழுவதும் மணிக்கு எத்தனை தடவை ஃபில்டர் வழியாகப் போக வேண்டும் என்பது. 6 முதல் 10 வரை வைத்துக்கொள்வது வழக்கம். பெட்டியில் அச்சிட்ட எண் சுத்தமான ஃபில்டருக்கு உரியது. ஒரு வாரம் சேண்டிங் ஓடினாலே இழுவை இறங்கிவிடும் என்பதால் இந்த அறைக்கு 600-க்குக் குறைந்து எடுக்காமல் இருப்பது நல்லது. ஆன்லைனில் தருவிக்கும் அமெரிக்க மாடல்கள் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடேறும். தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி இடம். பெரும்பாலோர் இதை ஒரு பெரிய வேக்குவம் மாதிரி நினைத்து, தூள் கிளம்பும் ரம்பத்துக்கு நேர் மேலே மாட்டச் சொல்வார்கள். காற்றின் குணம் வேறு. ஒரு வாய் காற்றை இழுக்கும்போது, அந்த வாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப்போனாலே வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். அதே வாய் ஊதும்போது, வேகம் அந்த அளவுக்குக் குறைய விட்டத்தைப் போல 30 மடங்கு தூரம் போக வேண்டும். ஒரு அடி அகல வாய் என்றால் இழுப்பு ஒரு அடியோடு சரி. ஊதல் அறையின் மறுகோடி வரை போகும். அதனால் ஊதுகிற பக்கத்தை வைத்துத்தான் இடம் தீர்மானிக்க வேண்டும். அறைக்காற்று ஒரு பக்கமாகச் சுற்றி வந்தால், தூள் தானாக இழுக்கிற வாயிடம் வந்து சேரும். ரம்பத்துக்கு நேர் மேலே மாட்டினால் இன்னொரு கெடுதல்: தூள் மேலே ஏறும் வழியில் வேலை செய்பவர் முகம் இருக்கும்.

மேலே சொன்ன 24 அடி அறையில் நாங்கள் மாட்டும் விதம் இது. நீளமான சுவரை ஒட்டி, சுவரிலிருந்து 2 அல்லது 3 அடி தள்ளி, பெட்டி சுவருக்கு இணையாக இருக்கும். ஊதும் வாய்க்கு முன்னால்தான் நீளமான பக்கம் விடப்படும்; இழுக்கும் வாய்க்குப் பின்னால் குட்டைச் சுவர் வரை குறைந்தது 4 அடி. ஊதிய காற்று எதிர்ச் சுவரில் முட்டித் திரும்பி, அடுத்த பக்கமாக வந்து இழுக்கும் வாயில் முடியும். சேண்டிங் மேசையைக் காற்று திரும்பி வரும் பக்கத்தில், இழுக்கும் வாயை எட்டுவதற்குச் சற்று முன்னால் போட்டால், முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் காற்று ஆளைத் தாண்டி, மேசையைத் தாண்டி, ஃபில்டருக்குப் போகும். ஆள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பார்த்துத்தான் மேசையைத் திருப்ப வேண்டும்.

பெட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரவே கூடாது. தச்சுப் பட்டறையில் அது மட்டும் போதாது. 8-க்கு 4 பிளைவுட் ஷீட்டை நிறுத்தித் திருப்பும்போது அதன் மூலைக்கு மூலை நீளம் கிட்டத்தட்ட 9 அடி. 10 அடி கூரையில் ஒரு அடி உயரப் பெட்டியை அரை அடி இறக்கித் தொங்கவிட்டால் அடிப்பாகம் எட்டரை அடியில் நிற்கும். ஷீட்டின் மூலை நேராக ஃபில்டர் கதவில் இடிக்கும். ஷீட் அடுக்கும் ஸ்டாண்டுக்கும் பேனல் சாவுக்கும் இடையில் உள்ள நடைவழிக்கு மேலே எதையும் தொங்கவிடாதீர்கள். பெட்டிக்குக் கீழே அசைக்க முடியாத மெஷினும் வேண்டாம்; ஃபில்டர் மாற்ற ஏணி போட இடம் வேண்டும்.

சீலிங் ஃபேன் இந்தச் சுற்றோட்டத்துக்கு எதிரி. மேலே வந்த தூளை மறுபடி கீழே அடித்து, எல்லாத் திசையிலும் விசிறிவிடும். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் எந்த ஆசாரியும் கேட்க மாட்டார். அதற்குப் பதில் ஒரு வால் ஃபேனை, காற்று சுற்றும் அதே திசை பார்த்து மாட்டிக் கொடுங்கள். உடம்புக்கும் காற்று, சுற்றுக்கும் துணை.

அடுத்தது பிடிமானம். விபத்து நடப்பது இங்கேதான் என்பதால் அவசரம் ஆகாது. பெட்டி 15 முதல் 25 கிலோ இருக்கும். எடை நான்கு புள்ளிகளுக்குப் பிரியும் என்றாலும், ஒவ்வொரு புள்ளியும் தனியாக முழு எடையையும் தாங்கும் என்ற கணக்கில்தான் போட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஃபேன் கொக்கி ஒன்றில் மட்டும் மாட்டுவது உதவாது. பெட்டி திரும்பும், ஊதும் திசையே மாறிவிடும்.

ஆர்சிசி தளம் என்றால் டிராப்-இன் ஆங்கர் (துளைக்குள் அடித்தால் விரிந்து பிடிக்கும் இரும்புக் குழல்) நல்லது. 8 மி.மீ. திருகாணிக்கான ஆங்கருக்கு 10 மி.மீ. துளை, 30 மி.மீ. ஆழம். டிரில் பிட்டில் அந்த ஆழத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வீட்டுத் தளங்கள் பெரும்பாலும் 4 முதல் 5 அங்குலம்தான். ஆழம் மிஞ்சினால் கம்பியைத் தொடும், மொட்டை மாடி ஒழுக்குக்கும் வழி திறக்கும். கம்பி தட்டுப்பட்டால் சத்தமும் கை அதிர்வும் மாறும். பிட்டை அழுத்தாமல் 2 அங்குலம் தள்ளி வேறு துளை போடுங்கள். சுவிட்ச் போர்டிலிருந்து லைட், ஃபேன் பாயிண்டுக்கு நேர்கோட்டில் தளத்துக்குள் வயர் பைப் ஓடும். அந்தக் கோட்டில் துளை வேண்டாம்.

துளையைப் புளோயரால் ஊதிச் சுத்தம் செய்யாமல் ஆங்கரை அடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளே மாவு போலக் கிடக்கும் கான்கிரீட் தூளில் ஆங்கர் வழுக்கும். அடிப்பதற்கென்று வரும் பஞ்ச்சை வைத்து, உள்ளே இருக்கும் குண்டு அடிவரை இறங்கும்வரை தட்ட வேண்டும். பாதி இறங்கிய ஆங்கரும் கையால் இழுத்தால் அசையாது, ஆனால் அதிர்விலே கழன்று வரும். பிளாஸ்டிக் கட்டை போட்டு ஸ்க்ரூ முறுக்கும் பழக்கத்தைக் கூரைக்குக் கொண்டுவரவே கூடாது.

பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடங்களில் மேலே இருப்பது சுண்ணாம்பில் நிறுத்திக் கட்டிய செங்கல். அதில் ஆங்கர் நிற்காது. மரக் கட்டைகளுக்குக் குறுக்காக இரண்டு இரும்புச் சேனலை போல்ட் போட்டு, அதிலிருந்து தொங்கவிடுங்கள். ஷீட் கூரை என்றால் பர்லினுக்கு (ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பு) கிளாம்ப் போட்டு, இரண்டு பர்லினுக்கு இடையே சேனல் ஓட்டுவது சரி. ஷீட்டைத் துளைக்க வேண்டாம், மெல்லிய பைப் பர்லினில் வெல்டிங்கும் வேண்டாம். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஜிப்சம் போர்டில் துளை மட்டும். எடை மேலே உள்ள தளத்துக்குப் போக வேண்டும்.

நான்கு புள்ளிகளையும் மேலே பார்த்துக் குறிப்பது கழுத்து வலி. பெட்டியின் அளவுக்கு அட்டை வெட்டித் தரையில் போட்டு, இடம் சரிபார்த்து, தூக்குக்குண்டால் மேலே ஏற்றுங்கள். ஆங்கரில் மூடிய ஐ-போல்ட்டை முறுக்கி, சங்கிலியும் டர்ன்பக்கிளும் (நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) போட்டால் மட்டம் பார்ப்பது எளிது. திறந்த கொக்கி வேண்டாம். பெட்டியை ஒரு பக்கம் தூக்கினாலே சங்கிலி நழுவும். பெட்டியின் பக்கத்தில் ரப்பர் புஷ்ஷும் நைலாக் நட்டும் (அதிர்வில் கழலாத நட்டு). இது எல்லாவற்றுக்கும் மேல், தனி ஆங்கரில் ஒரு ஸ்டீல் வயர் ரோப்பைத் தளர்வாகக் கட்டிவைப்போம். சங்கிலி விட்டாலும் பெட்டி தலைக்கு வராது.

பெட்டியை ஏற்றும் முன் ஒவ்வொரு ஆங்கரையும் சோதியுங்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டையைக் கயிற்றில் கட்டி, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் போதும். துளையைச் சுற்றி விரிசலோ, ஆங்கர் வெளியே வந்த அடையாளமோ தெரிந்தால் அந்த இடத்தைக் கைவிட வேண்டியதுதான். ஏற்றுவதற்கு இரண்டு பேர், இரண்டு ஏணி, நடுவில் ஒரு கனமான பலகை. டேபிள் சா மேல் ஏறி நின்று தூக்குவதைப் பல இடங்களில் பார்க்கிறோம், வேண்டாம்.

கரண்ட் விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஃபேன் பாயிண்ட். கிட்டத்தில் இருக்கிறதே என்று அதிலிருந்தே லைன் எடுப்பார்கள். பழைய கட்டடங்களில் அங்கே இரண்டு வயர்தான் வரும், எர்த் இருக்காது. தகரப் பெட்டிக்கு எர்த் இல்லாமல் கரண்ட் கொடுக்கக் கூடாது. அந்த லைனில் ரெகுலேட்டரும் இருக்கும். அது வழியாக ஓடினால் மோட்டார் உறுமும், பெட்டிக்குள் இருக்கும் ரிமோட் சர்க்யூட் போர்டு கெட்டுப்போகும். தனியாக 1.5 சதுர மி.மீ. வயர் மூன்று இழுத்து, கூரையருகில் மூன்று பின் சாக்கெட், கீழே சுவிட்ச், போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் பிரேக்கர்). வயரைச் சங்கிலியில் சுற்றாமல், பெட்டி ஆடினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள்.

பாலிஷ் வேலை நடக்கும்போது இதை ஓட்டவே கூடாது. என்சி லாக்கர், மெலமைன், தின்னர் ஆவியைத் தூசி ஃபில்டர் பிடிக்காது; மோட்டாரிலோ சுவிட்சிலோ ஒரு பொறி போதும். ஸ்ப்ரே துளி பட்டால் ஃபில்டரும் ஒட்டிப் பிடித்து வீணாகும். கிரைண்டர் பொறி பறக்கும் இடத்திலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

ஓடவிட்டதும் ஒரு குச்சியில் டிஷ்யூ பேப்பர் நாடா கட்டி அறையைச் சுற்றி நடந்து பாருங்கள். நாடா எங்கே தொய்ந்து தொங்குகிறதோ அங்கே காற்று நிற்கிறது. பெட்டியைச் சில அங்குலம் திருப்பினாலோ, வால் ஃபேனின் முகத்தை மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகும். இருட்டில் டார்ச் அடித்தால் ஒளிக்கற்றைக்குள் தூள் நகரும் திசையே தெரியும். மணிக்கு 8 சுற்று என்றால், காற்று நன்றாகக் கலக்கும் அறையில் 99 சதவீதம் தூள் குறைய 35 நிமிடம். மூலைமுடுக்கு உள்ள பட்டறையில் இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் டைமரை இரண்டு மணி நேரத்துக்கு வைத்துவிட்டுப் பூட்டலாம்.

முதல் வாரம் ஓடியதும் நட்டுகளை ஒரு முறை இறுக்குங்கள். வெளி ஃபில்டரை வாரம் ஒரு தடவை, ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கழற்றி வெளியே கொண்டுபோய் வேக்குவம் பிடிக்கலாம். கம்ப்ரஸர் அடிப்பதாக இருந்தால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக, மாஸ்க் போட்டுக்கொண்டு. உள் பை ஃபில்டருக்கு இது ஆகாது, துணி கிழிந்துவிடும். அதை மாற்றத்தான் வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தூள் கட்டிதட்டிச் சீக்கிரமே அடைக்கும். புது ஃபில்டரைப் போடும்போது அதிலுள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்த்து இருக்கட்டும்.