மலைக்கு மலை கைமாறிய குரல்

இன்று மலைப்பாதையில் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் எஃப்எம் இரைந்து, அப்படியே அடங்கிப்போனது. பாதிப் பாட்டு.

அடுத்த வளைவில் மேடு விலகியதும் பளிச்சென்று திரும்பி வந்தது.

எஃப்எம் அலை அப்படித்தான். கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான் ஓடும், மலை மறித்தால் நின்றுவிடும்.

இதே குணத்தை வைத்து 1948-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து விவசாய அமைப்புகள் ஒரு வானொலி வலைப்பின்னலையே கட்டினார்கள். பெயர் ரூரல் ரேடியோ நெட்வொர்க். இத்தாக்கா நகரில் பேசுவதை முதல் குன்றின் மேல் உள்ள நிலையம் ஒலிபரப்பும். அடுத்த குன்றில் இருப்பவர்கள் அதைக் காற்றிலேயே பிடித்து, தங்கள் அலைவரிசையில் மறுபடி அனுப்புவார்கள். அங்கிருந்து அதற்கடுத்த குன்று.

அந்தக் காலத்தில் நிலையங்களை இணைத்தவை வாடகைத் தொலைபேசிக் கம்பிகள். வழக்கமான கம்பியில் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு இத்தனை அதிர்வு) மேற்பட்ட உச்ச ஒலிகள் போகாது. எஃப்எம் 15,000 வரை தாங்கும். கம்பி வழியே வந்தால் வயலினின் மேல்ஸ்தாயி மழுங்கிவிடும், காற்று வழியே வந்தால் பிழைத்துக்கொள்ளும்!

எனக்கு அந்தக் குன்று உச்சிகளில் இருந்தவர்களைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. அவர்களில் ஒருவர் கண் அயர்ந்தாலும், அவருக்குப் பின்னால் உள்ள ஊர்களுக்கெல்லாம் வெறும் இரைச்சல்தான். தீவனப் புல்லை அறுத்துக் காயப்போட்டவன் மழை வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அடிவாரம் வந்து வண்டியை நிறுத்தினேன். பாட்டு முடியும்வரை இறங்கவில்லை.