ஒரு பென்னிக்கு எட்டுப் பக்கம்

எங்கள் ஊர் நூலகத்தின் பழைய அலமாரியிலிருந்து ஆரணி குப்புசாமி முதலியாரின் நாவல்களை எடுத்துப் படித்த நாள்களில்தான், அவர் தழுவி எழுதிய ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் யார் என்று தேடத் தொடங்கினேன். தமிழ் நாவலின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் மர்மக்கதைச் சரக்கு என்று ஒரு வரியில் அவரைக் கடந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி, வாரந்தோறும் காசு எண்ணிக் கொடுத்து அவரை வாங்கிய எளிய மக்களுக்கும் இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஜார்ஜ் ரெயினால்ட்ஸ் 1844இல் 'மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்' என்னும் தொடரைத் தொடங்கினார். பாரிஸ் நகரின் இருண்ட மூலைகளைப் பற்றி யூஜின் சூ பிரெஞ்சு நாளிதழில் எழுதிப் புகழ்பெற்ற தொடரே அதற்கு முன்மாதிரி. வாரம் ஒரு தாள். அதில் பொடி எழுத்தில் இரண்டு பத்திகளாக அச்சிட்ட எட்டுப் பக்கங்கள். முகப்பில் மரச்செதுக்குப் படம் ஒன்று. விலை ஒரு பென்னி.

அந்த விலை எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. அக்காலத்து இங்கிலாந்தில் செய்தி அச்சிட்ட தாள் ஒவ்வொன்றுக்கும் முத்திரை வரி கட்ட வேண்டியிருந்தது. நான்கு பென்னியாக இருந்த அந்த வரி 1836இல் ஒரு பென்னியாகக் குறைக்கப்பட்டு, 1855இல்தான் நீங்கியது. கதைத்தாளில் செய்தி இல்லாததால் அதற்கு இந்த வரி கிடையாது. ஆகவே நாளிதழ் எட்டாத தொழிலாளியின் கைக்கும் கதை எட்டியது. ரெயினால்ட்ஸோ, கதையை நடுவில் நிறுத்திவிட்டு, செல்வர்களின் வருமானத்தையும் ஏழைகளின் கூலியையும் அருகருகே வைத்துக் காட்டினார். வாக்குரிமை கேட்டுப் போராடிய சார்ட்டிஸ்டு இயக்கத்தில் அவர் ஈடுபட்டார் என்பதையும், 1848 மார்ச்சில் டிராஃபால்கர் சதுக்கத்தில் தடையை மீறிக் கூடிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார் என்பதையும் அறிந்த பிறகு, அந்தக் கணக்குகளைப் பக்கம் நிரப்பும் வேலையாக என்னால் எண்ண முடியவில்லை.

இந்தத் துறையின் எல்லோரையும் நான் இப்படிப் போற்றமாட்டேன். எட்வர்டு லாயிடு என்ற பதிப்பாளர், டிக்கன்ஸின் கதைகளை 'ஆலிவர் ட்விஸ்' போன்ற பெயர்களில் கூசாமல் நகலெடுத்து விற்றவர். ஆயினும் வாசகரை அறிவதில் அவருக்கு நிகர் அரிது. கைப்பிரதியை வீட்டுப் பணியாளரிடமோ அச்சகத்துப் பையனிடமோ கொடுத்து, அவர்களுக்குப் பிடித்திருந்தால் மட்டுமே அச்சுக்கு அனுப்புவது அவருடைய பதிப்பகத்தின் வழக்கம் என்று, அக்காலத்தில் எழுதிய தாமஸ் ஃபிராஸ்ட் தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். சவரக்கத்திக் கொலைகாரன் ஸ்வீனி டாட் முதன்முதலில் தோன்றியது 1846இல் லாயிடின் வார இதழ் ஒன்றில்தான்.

லண்டன் ஏழைகளை நேரில் கண்டு எழுதிய ஹென்றி மேஹியூ, தெருவில் கூவிக் காய்கனி விற்றவர்கள் கூடியிருந்து ரெயினால்ட்ஸ் கதைகளை ஒருவர் வாசிக்கக் கேட்டதை விரிவாக விவரிக்கிறார். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. காவலர் பேச்சு வந்தாலே கூட்டம் வாசிப்பை மறித்துப் பேசத் தொடங்கிவிடும்; படத்தைக் கண்டால், அதில் இருப்பவன் என்ன செய்தான் என்று விளக்கம் கேட்கும். அச்சாகி விற்ற பிரதிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இந்த எழுத்தின் வீச்சை அளக்க இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலும் வார இதழ் வந்த நாளில் அத்தை தொடர்கதையை உரக்கப் படிப்பார். தொடர் முடிந்ததும் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைப்போம். ரெயினால்ட்ஸின் வாரத்தாள்களும் மாதப் பகுதிகளாகவும் பின்னர் தடித்த தொகுதிகளாகவும் கட்டப்பட்டே விற்கப்பட்டன என்று படித்தபோது, முன்பின் அறியாத அந்த வீடுகள் எனக்கு நெருக்கமாகிவிட்டன.

இவருடைய நாவல்கள் கடல் கடந்து வந்து, 19ஆம் நூற்றாண்டு இந்திய நூலகங்களில் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றன. 1915இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராக இருந்த ஆரணியார், அவற்றின் மாந்தருக்கு நம் பெயர்களைச் சூட்டி, தமிழில் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களுக்கு அவற்றைத் தந்தார். நான் எடுத்துவந்த பிரதியில் அட்டை பிய்ந்து, தாள்களின் ஓரம் பழுப்பேறி நொறுங்கிக்கொண்டிருந்தது. திருப்பித்தர வேண்டிய நாளைக் குறிக்கும் சீட்டு முழுவதும் முத்திரைகளால் நிரம்பியிருந்ததால், அதன்மேல் இன்னொரு சீட்டை ஒட்டியிருந்தார்கள்; அதிலும் இரண்டு வரிகளே மிச்சமிருந்தன.