பன்னிரண்டு கட்டங்களில் பதினொன்று: பழங்குடிக் கட்டம் ஒரு வழியாக நிறைந்தது

பழங்குடிக் கட்டத்துக்குப் புத்தகம் கிடைத்துவிட்டது. இந்த ஆண்டு வாசிப்புச் சவாலில் என்னை அதிகம் அலையவிட்டது அந்த ஒரு கட்டம்தான். அதனால் பட்டியல் முழுசாக முடிவதற்கு முன்னாலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். மாதத்துக்கு ஒரு புத்தகம், பன்னிரண்டு கட்டம், ஒவ்வொரு கட்டமும் ஒரு வகை எழுத்துக்கு. புத்தகம் முடிவானால் கட்டம் நிறைந்ததாகக் கணக்கு. பதினொன்று நிறைந்தது, மாற்றுத்திறனாளி எழுத்து என்ற கட்டம் மட்டும் காலி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

விதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஏற்கெனவே படித்தது கூடாது, ஐந்து புத்தகமாவது பெண்கள் எழுதியதாக இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்தும் வர வேண்டும். இதற்கு மேல், வட சென்னைக்காரர்களான நானும் காசிமேட்டு நண்பனும் தண்டையார்பேட்டைத் தோழியும் சேர்ந்து ஒரு விதியை வைத்துக்கொண்டோம்: கதை யாரைப் பற்றியது என்று பார்க்காதே, எழுதியவர் யார் என்று பார். இந்த ஒரு விதி வந்ததும் பட்டியலில் பாதி காலியாகிவிட்டது. பலதரப்பட்ட வாசிப்பு என்று சொல்லிக்கொண்டு, ஒரே மாதிரிப் படித்த ஒரே மாதிரி ஆட்கள் வேறு வேறு மக்களைப் பற்றி எழுதியதையே வரிசையாக வாசித்தால், பன்னிரண்டு மாதமும் ஒரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததாகத்தான் ஆகும்.

பழங்குடி என்றதும் எல்லோரும் சொல்வது 'சோளகர் தொட்டி'. வந்தது 2004இல். வீரப்பன் தேடுதல் என்ற பெயரில் சத்தியமங்கலம் காட்டுச் சோளகர்கள் மேல் நடந்த கொடுமைகளை அவ்வளவு நெருக்கமாகச் சொன்ன நாவல் தமிழில் வேறு இல்லை என்பது என் கருத்து, படித்த இரவு தூங்க முடியவில்லை. ஆனால் ச. பாலமுருகன் வழக்கறிஞர், மனித உரிமைக்காக அந்த மக்களோடு நின்றவர், சோளகர் அல்ல. அடுத்து 'காட்டில் உரிமை'. முண்டா பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவைப் பற்றி மகாசுவேதா தேவி எழுதி, 1979இல் சாகித்திய அகாடமி விருது வாங்கிய நாவல். வங்காளத்திலிருந்து சு. கிருஷ்ணமூர்த்தி தமிழுக்குக் கொண்டுவந்தார். அதிலும் பேனா பிடித்தவர் முண்டா அல்ல. இரண்டையும் எல்லோரும் படிக்க வேண்டும், இந்தக் கட்டத்தில் மட்டும் வைக்கக் கூடாது.

அப்புறம் மயிலம்மா. பாலக்காடு பக்கம் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியதை எதிர்த்து உட்கார்ந்த எரவாளர் பழங்குடிப் பெண். அவர் சொல்லச் சொல்ல ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் எழுதினார், சுகுமாரன் தமிழாக்கினார். இதை வைத்து எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. "சொன்னது அந்தம்மாதானே, எழுத்து தெரியலன்னா அவங்க கதை அவங்களுது இல்லன்னு ஆயிடுமா?" என்று தோழி மடக்கினாள். நியாயமான கேள்வி, இன்றுவரை என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனாலும் எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எங்கே முடிப்பது என்று முடிவு செய்ததில் இன்னொருவர் கையும் இருக்கிறது. அந்த முடிவுகள் எல்லாவற்றையும் ஒரு பழங்குடி எழுத்தாளரே எடுத்த புத்தகம்தான் இந்தக் கட்டத்துக்கு வேண்டும் என்று நான் விடாமல் நின்றேன். மயிலம்மாவைத் தன் கணக்கில் படிக்கப் போவதாகத் தோழி சொல்லிவிட்டாள், நானும் படிப்பேன், பட்டியலுக்கு வெளியே.

கடைசியில் கிடைத்தது ஹன்ஸ்தா சௌவேந்திர சேகரின் 'ஆதிவாசிகள் இனி நடனம் ஆட மாட்டார்கள்'. சந்தால் இனத்தவர், ஜார்க்கண்டில் மருத்துவர். கதைகளை ஆங்கிலத்தில்தான் எழுதினார், 2015இல் வந்தது. 2017 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் அரசு தடை போட்டு, அதே டிசம்பரில் எடுத்தது. தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் தலைப்புக் கதையைத்தான் முதலில் புரட்டினேன். அனல்மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டும் விழா, குடியரசுத் தலைவர் வருகிறார், அவர் முன்னால் ஆட அழைத்துவரப்பட்ட சந்தால் குழுவின் தலைவர், நிலத்தைப் பறித்துக்கொண்டு எங்களையே ஆடவும் சொல்கிறீர்களா என்று மறுத்து நிற்கிறார். எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் சாம்பலைச் சுவாசித்து, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. எங்கோ ஜார்க்கண்ட் என்று எடுத்த புத்தகம் எங்கள் கழிமுகத்தில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஏப்ரலுக்கு எழுதி வைத்திருந்ததைத் தள்ளிவிட்டு இதை முன்னால் கொண்டுவந்துவிட்டேன்.

கடையில் ஒரு புத்தகத்தை எடுத்ததும் நான் செய்யும் சோதனையையும் சொல்லிவிடுகிறேன். பின்னட்டையை நம்புவதே இல்லை, அது விற்பதற்காக எழுதியது. முதலில் ஆசிரியர் குறிப்பு, பிறகு முன்னுரை. முன்னுரையில் யாருக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறார் என்று பார்த்தாலே அந்த ஆள் அந்த மக்களோடு எவ்வளவு காலம் இருந்தார், உள்ளே இருந்து எழுதினாரா வெளியிலிருந்து போய் வந்தாரா என்பது தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பு என்றால் பதிப்பு விவரப் பக்கம். மூல மொழியிலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பது அங்கே இருக்க வேண்டும். பல புத்தகங்களில் மூலத் தலைப்பே இருக்காது, மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையிலும் இருக்காது. இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இரண்டு மூன்று ஆண்டு உட்கார்ந்து ஒருவர் மொழிபெயர்த்திருப்பார், அவர் பெயரை உள்ளே ஆறாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இந்திய மொழிகள் என்றால் நேராக வந்ததைத்தான் எடுப்பேன். அதற்கு நேஷனல் புக் டிரஸ்டின் ஆதான் பிரதான் வரிசையை மிஞ்ச ஒன்றும் இல்லை, இன்றைய விலைவாசியில் அந்தத் தொகைக்கு அவ்வளவு பக்கம் யார் தருகிறார்கள்? இந்த ஆண்டு அந்த வரிசையிலிருந்து குர்அதுலைன் ஹைதரின் 'அக்னி நதி', தமிழில் சௌரி. 1959இல் உருதுவில் வந்த நாவல், மௌரியர் காலத்தில் தொடங்கி நாட்டுப் பிரிவினை தாண்டி வரைக்கும் ஓடுகிறது. இது மே மாதத்துக்கு. பள்ளிகளுக்கு விடுமுறை, தெருவில் சத்தம் அதிகம் என்றாலும் மாடியில் இரவுக் காற்று இருக்கும், தடித்த புத்தகத்துக்கு அதுதான் நேரம்.

வெளிநாட்டு மொழிகளுக்கு இந்த விதியைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்கக் கட்டத்தில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' வைத்திருக்கிறேன், அமரந்தாவும் சிங்கராயரும் தமிழாக்கியது. கூகி வா தியாங்கோ 1978இல் சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் தன் தாய்மொழியான கிக்குயுவில் எழுதி, பின்னால் தானே ஆங்கிலத்துக்கு மாற்றிய நாவல். ஆங்கிலமும் ஆசிரியர் கைப்பட்டது என்பதால் அந்த வழியாக வந்ததில் எனக்கு உறுத்தல் இல்லை.

கடல் கட்டத்துக்கு அதிகம் யோசிக்கவில்லை. 'ஆழி சூழ் உலகு'. உவரியில் பரதவர் குடும்பத்தில் பிறந்த ஜோ டி குருஸ் எழுதியது, எங்கள் விதிக்கு அப்படியே பொருந்துகிறது. காசிமேட்டு நண்பனுக்குத்தான் மனக்குறை. "எல்லாம் தெக்கத்திக் கடலையே எழுதுறாங்க மச்சான், நம்ம கடல எவன் எழுதுவான்?" என்றான். நீயே எழுது என்று சொல்லியிருக்கிறேன், சும்மா சொல்லவில்லை. விசைப்படகு, ஏலம், ஐஸ், தடைக்காலத்தில் வட்டிக்கு வாங்கும் கடன் என்று அவன் பேசும்போது நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், அது அச்சில் வந்தாக வேண்டும்.

திருநங்கை எழுத்துக்கு 'நான் வித்யா' முன்பே படித்தாயிற்று. அதனால் ரேவதியின் 'வெள்ளை மொழி'. தமிழில் எழுதிய தன்வரலாறு, ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இல் முதலில் வந்துவிட்டது, தமிழ்ப் புத்தகம் அதற்குப் பிறகுதான் வந்தது. தமிழ்ப் பதிப்புலகம் வெட்கப்பட வேண்டிய விஷயம். தலித் பெண் எழுத்தில் சிவகாமியின் 'பழையன கழிதலும்', இலங்கை மலையகத்துக்குத் தெளிவத்தை ஜோசப்பின் 'குடைநிழல்', இஸ்லாமியப் பெண்களின் வீட்டுக்குள் போக சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', மெக்சிகோவுக்கு ஹுவான் ருல்ஃபோவின் 'பெட்ரோ பராமோ'. இவை எல்லாம் மளமளவென்று முடிவாயின.

விதியை நாங்களே தெரிந்து மீறும் கட்டம் ஒன்று உண்டு: வெளியிலிருந்து போய், தங்கிக் கேட்டு எழுதியது. அதில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள். எழுதப் போகிற மக்களை நேரில் போய்ப் பார்த்துப் பேசி எழுதுவது அவர் வழக்கம். உள்ளிருந்து எழுதியதையும் வெளியிலிருந்து போய் எழுதியதையும் ஒரே ஆண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சொந்த ஊர்க் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பலதரப்பட்ட வாசிப்பில் சொந்த ஊர் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. சினிமாவில் எங்கள் ஊர் என்றாலே கத்தி, கஞ்சா, கோர்ட்டு, ஜெயில். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலும் தங்கள் தெருவைப் பார்த்தது கிடையாது, நாவலிலும் பார்த்தது கிடையாது. அப்படிப்பட்ட ஒருவருக்குத் தன் தெரு இருக்கும் புத்தகம்தான் எல்லாவற்றிலும் புதியது. கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்' ஆகஸ்டுக்கு.

வாங்கும் விஷயம். ஜனவரி புத்தகக் காட்சிதான் எனக்கு முக்கியம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம், இந்த வசதி 2021க்கு முன் எங்களுக்கு இல்லை. பத்து சதவீதக் கழிவு எல்லா அரங்கிலும் உண்டு, ஆனால் நான் போவது கழிவுக்காக அல்ல, கிடங்கில் கிடக்கும் பழைய பதிப்புகளை அப்போதுதான் வெளியே எடுத்து வைக்கிறார்கள் என்பதற்காக. ஒரு இணையக் கடையில் கேட்டிருந்த புத்தகத்துக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு, வாரக்கணக்கில் வைத்திருந்து, இருப்பில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இருப்பு எவ்வளவு என்று பார்க்காமல் ஆர்டர் எடுப்பது என்ன வியாபாரம்? இப்போது பதிப்பகத்துக்கே போன் செய்து கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் எடுத்துப் பேசுகிறார்கள், அச்சில் இல்லாவிட்டால் மறுபதிப்பு எப்போது என்றும் சொல்கிறார்கள்.

எங்கும் கிடைக்காவிட்டால் கன்னிமாரா. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்ததே எழும்பூர். சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரியும் கட்டுகிறோம், அந்த உரிமையோடு போய்க் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

இதையெல்லாம் எழுதும்போதே அடுத்த ஆண்டுக்கான யோசனையும் ஓடுகிறது. வெளியே எங்கும் போகாமல் வட சென்னைக்குள் இருக்கும் மக்களை வைத்தே பன்னிரண்டு கட்டம் போடலாம் என்று நினைக்கிறேன். தெலுங்கு பேசும் தெருக்கள், உருது பேசும் தெருக்கள், சவுகார்பேட்டை மார்வாடிகள், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பு ஆங்கிலோ இந்தியர்கள். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டத்துக்கு இப்போதே வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' குறித்து வைத்துவிட்டேன், 1942இல் போருக்குத் தப்பி பர்மாவிலிருந்து நடந்து வந்த கதை. பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட மட்டும் அந்தப் பக்கம் போகிறவர்கள் இதையும் படித்தால் நன்றாக இருக்கும்.

சரி, காலியாக இருக்கும் கட்டம். மாற்றுத்திறனாளி எழுத்து என்று தேடினால் தமிழில் தன்னம்பிக்கைப் புத்தகங்கள்தான் குவிகின்றன. விழுந்தார், எழுந்தார், வென்றார். எனக்கு அது வேண்டாம். ஒரு பார்வையற்றவர் ஒரு நாளை எப்படிக் கடக்கிறார், எதற்கு எரிச்சல் படுகிறார், யாரோடு சண்டை போடுகிறார், எதைக் காதலிக்கிறார் என்று எழுதியது வேண்டும். தேடியதில் நின்றது தேனி சீருடையானின் 'நிறங்களின் உலகம்'. சிறுவயதில் பார்வையிழந்து, பார்வையற்றோர் பள்ளியில் படித்து, பின்னர் பார்வை திரும்பக் கிடைத்தவர், அந்தப் பள்ளி வாழ்க்கையிலிருந்து எழுதிய நாவல். இப்போது பார்வை இருக்கிறதே, விதிக்குள் வருமா என்று நண்பன் கேட்டான். வாழ்ந்துவிட்டுத்தானே எழுதினார், கட்டாயம் வரும் என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். பிரதிதான் இன்னும் கைக்கு வரவில்லை.

அக்டோபர் மாதத்தை அதற்காகவே காலியாக வைத்திருக்கிறேன். மழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் தண்ணீர் நிற்கும், நூலகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவர மனம் வராது. அதனால் செப்டம்பருக்குள் சொந்தப் பிரதி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கன்னிமாராவில் விசாரித்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே உட்கார்ந்து படித்து முடிக்க வேண்டும். பழைய புத்தகக் கடைக்கார அண்ணன் ஒருவரிடம் தலைப்பை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்த்தால் எடுத்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.